பாரசீக மட்பாண்டங்களும் கடல் கடந்த வடிவங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அருங்காட்சியகத்தில் நீலமும் வெள்ளையுமாக இரண்டு தட்டுகள் அருகருகே இருக்கும். ஒன்று சீனா, மற்றது ஈரான் என்று அட்டை சொல்லும். இரண்டிலும் அதே தாமரை, அதே நாரை. எது எதைப் பார்த்துச் செய்தது, எப்படிப் பிரித்தறிவது என்ற கேள்விதான் அதிகம் வருகிறது. சித்திரத்தை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. உடைந்த விளிம்பு, அடிப்பாகம், கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடியாகப் படியும் மேற்பூச்சு) ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கும்.

எந்தக் காலத்து, எந்த ஊர்ச் சாமான்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை. கிழக்கே நிஷாப்பூர்: சிவப்பு மண்ணின் மேல் வெள்ளைக் குழம்பு பூசி, அதில் கறுப்பு எழுத்தில் வாழ்த்தும் பழமொழியும் எழுதிய கிண்ணங்கள். நடுவில் காஷான்: 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 14ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை உலகின் மிகச் சிறந்த பட்டறைகளில் சில அங்கே இருந்தன. பிறகு சஃபாவிய அரசர் (16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஈரானை ஆண்ட மரபினர்) காலத்தில் கெர்மானும் மஷ்ஹதும். இவற்றோடு ஈராக்கின் பாஸ்ராவையும் சேர்த்தே பேச வேண்டும். இன்றைய எல்லைக்கோட்டின்படி அது ஈரான் இல்லை. ஆனால் அதே வளைகுடா வணிகம்தான் பாஸ்ராவையும் ஈரான் கரையின் சிராஃப் துறைமுகத்தையும் வாழவைத்தது.

வெள்ளையில் நீலம் தீட்டுவதை முதலில் செய்தது சீனர்களா, வளைகுடாக்காரர்களா?

பெரும்பாலான புத்தகங்கள் 14ஆம் நூற்றாண்டுச் சீனாவிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில், பாஸ்ராக் குயவர்கள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். சீனாவிலிருந்து வந்த வெள்ளைக் கிண்ணங்கள் அவர்களுக்கு ஆசையைத் தூண்டின. அவர்களிடம் இருந்ததோ பழுப்பு மண். ஆகவே கிளேஸில் வெள்ளீயத்தின் ஆக்ஸைடைக் கலந்து, ஒளி ஊடுருவாத வெள்ளைப் பூச்சாக்கி, பழுப்பை மறைத்தார்கள். அந்த வெள்ளைத் தளத்தின் மேல், சூட்டில் நீலமாகும் கோபால்ட் என்ற கனிமத்தால் இலையும் பூவும் வரைந்தார்கள். கிண்ணத்தின் வடிவம் சீனாவைப் பார்த்தது. நீலச் சித்திரம் அவர்களுடையது.

இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட கப்பல் இன்னொரு சாட்சி. ஆணியில்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டிய, அரபுக் கடல் மரபிலான கப்பல் அது. அதில் சுமார் 60,000 சீன மட்பாண்டங்கள் இருந்தன. பெரும்பாலானவை சாங்ஷா சூளைக் கிண்ணங்கள். ஒன்றில் கி.பி. 826க்கு இணையான சீன ஆண்டு பொறித்திருக்கிறது. அத்தனைக்கும் நடுவே மூன்றே மூன்று நீல-வெள்ளைத் தட்டுகள் கிடைத்தன. அவை ஹெனான் மாகாணத்துக் கோங்சியன் சூளைகளில் செய்தவை. முழுதாகக் கிடைத்த சீன நீல-வெள்ளைகளில் மிகப் பழையவை இவையே. அவற்றில் உள்ள சாய்சதுரமும் அதன் முனைகளில் விரியும் இலையும் பாஸ்ராச் சாமான்களில் காணும் அலங்காரம். வாங்குபவனின் ரசனை அறிந்து சீனக் குயவன் வரைந்திருக்கிறான். இந்தத் தொகுதியைச் சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பாரசீகத்தில் ஏன் உண்மையான பீங்கான் செய்யவில்லை?

மண்ணும் சூடும் இல்லாததால். பீங்கானுக்குக் கேயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும், அதோடு உருகிச் சேரும் பீங்கான் கல்லும் வேண்டும். சூளை 1,300 டிகிரி செல்சியஸ் அருகே ஏற வேண்டும். ஈரானியச் சூளைகள் பொதுவாக 1,000 டிகிரியை ஒட்டியே எரிந்தன. அதனால் வேறு வழியில் வெண்மையைத் தேடினார்கள். அந்தத் தேடலில் பிறந்ததுதான் கல்மாவு உடல் (கிளேஸுக்கு அடியில் உள்ள பாண்டத்தின் பொருளையே உடல் என்கிறோம்). இதைச் சிலர் பீங்கானின் மலிவுப் பதிப்பு என்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பீங்கானால் தர முடியாத ஆழமான மயில்நீலம் இந்த உடலின் மேல்தான் வந்தது.

கல்மாவு உடல் எப்படிச் செய்தார்கள்? அளவு தெரியுமா?

தெரியும். காஷானின் பெயர்பெற்ற குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் என்பவர் 1301இல் எழுதிய நூலில், மட்பாண்டம் பற்றிய பகுதியில், அளவோடு சொல்லியிருக்கிறார். பத்துப் பங்கு பொடித்த படிகக்கல் (நம் ஊரில் வெங்கச்சங்கல் என்போமே, அந்தக் குவார்ட்ஸ்), ஒரு பங்கு ஃபிரிட், ஒரு பங்கு நல்ல வெள்ளைக் களிமண். பன்னிரண்டில் ஒரு பங்குதான் களிமண் என்பதைக் கவனியுங்கள்.

ஃபிரிட் என்பது முன்கூட்டியே உருக்கிய கண்ணாடி. குவார்ட்ஸ் பொடியையும், உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுத்த காரத்தையும் ஏறக்குறைய சம அளவில் சேர்த்து உலையில் உருக்க வேண்டும். உருகியதை இரும்புக் கரண்டியால் அள்ளித் தண்ணீர்க் குழியில் கொட்ட வேண்டும். சூட்டில் தண்ணீர் பட்டதும் அது நொறுங்கிவிடும். பிறகு அரைப்பது எளிது. காரத்தை அப்படியே உடலில் கலந்தால் என்ன என்று கேட்பார்கள். கலந்தால் அது தண்ணீரில் கரைந்துபோகும், காயும்போது ஈரத்தோடு வெளியேறி மேற்பரப்பில் உப்பாகப் பூக்கும், உள்ளே ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. கண்ணாடியாக்கிவிட்டால் எளிதில் கரையாது.

மூன்றையும் சேர்த்து மாவாகப் பிசைந்து ஓர் இரவு ஊறவிடச் சொல்கிறார். காலையில் கையால் நன்றாக அடித்து, சக்கரத்தில் வனைய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததும் மறுபடி சக்கரத்தில் வைத்துச் சுரண்டி மெல்லியதாக்கி, அடியைச் சேர்க்க வேண்டும். காய்ந்த பின் ஈரமான துணியால் துடைத்துச் சுரண்டிய கோடுகளை மறைத்து, மீண்டும் காய்ந்ததும் கம்பளித் துணியால் தேய்க்க வேண்டும். சூளையில் ஃபிரிட் உருகி, குவார்ட்ஸ் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

இதில் என்ன தவறு நடக்கும்?

முதல் சிக்கல் வனைவது. களிமண் குறைவு என்பதால் மாவில் இழுவை இல்லை. சுவரை உயரமாக இழுத்தால் கிழியும், அகலமாக விரித்தால் தொய்ந்து விழும். அதனால் அச்சில் அழுத்திச் செய்வது பரவலாக இருந்தது. கூசாக்களை இரண்டு மூன்று துண்டுகளாகச் செய்து ஒட்டினார்கள். பழைய கூசாவின் உள்ளே விரலை விட்டால் இந்த ஒட்டு வரம்பு தட்டுப்படும்.

இரண்டாவது, ஆறவிடுவது. குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரெனச் சுருங்கும் குணம் உள்ளது. உடலில் பெரும்பகுதி குவார்ட்ஸாக இருக்கும்போது சூளையை அவசரமாகத் திறந்தால் பாண்டம் நெடுக வெடிக்கும். அபுல் காசிம் ஒரு வாரம் கழித்தே சாமான்களை வெளியே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, கிளேஸ் பொருந்துவது. கார கிளேஸ் ஆறும்போது அதிகம் சுருங்கும். சாதாரணக் களிமண் அவ்வளவு சுருங்காது. அதனால் அதன் மேல் கார கிளேஸ் வலைவலையாக வெடித்து, நாளடைவில் உரியும். குவார்ட்ஸ் நிறைந்த உடல் கிளேஸோடு சேர்ந்து சுருங்குவதால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். இந்தப் பொருத்தம்தான் மயில்நீலத்தைச் சாத்தியமாக்கியது. செம்பு கார கிளேஸில் மயில்நீலமாகவும், காரீய கிளேஸில் பச்சையாகவும் தெரியும். ஒரே செம்புதான், கிளேஸ்தான் வேறு.

நான்காவது, நீலம் கசிவது. கோபால்ட் உருகும் கிளேஸில் கரைந்து பரவும். மெல்லிய கோடு தடித்து மங்கும். காஷான்காரர்கள் கோட்டைக் கறுப்பில் போட்டு, உள்ளே நீலத்தை நிரப்பினார்கள். அந்தக் கறுப்பு கொராசானின் ஜாஜர்ம் பக்கத்துக் கல்லிலிருந்து வந்தது. அதில் உள்ள குரோமைட் கிளேஸில் கரையாது, கோடு கோடாகவே நிற்கும். 17ஆம் நூற்றாண்டு மஷ்ஹத், கெர்மான் சாமான்களிலும் இதே உத்தி தொடர்ந்தது. சீனத் தட்டில் எல்லைக்கோடும் நீலம்தான். நீலச் சித்திரத்தைக் கறுப்புக் கோடு சுற்றியிருந்தால் ஈரானிய வேலையா என்று முதலில் சந்தேகியுங்கள்.

பொன்போல மின்னும் லஸ்டர் சாமான்களில் தங்கம் இருக்கிறதா?

இல்லை. வெள்ளியும் செம்பும்தான். கிளேஸ் போட்டுச் சுட்டு முடித்த பாண்டத்தின் மேல், வெள்ளி, செம்புச் சேர்மங்களைக் கந்தகமும் பாஷாணமும் உள்ள கனிமங்களோடு நுணுக்கமாக அரைத்து, திராட்சைச் சாற்றிலோ காடியிலோ குழைத்து வரைந்தார்கள். பிறகு இரண்டாவது சூளை. அங்கே தழல் எரியக் கூடாது, மென்மையான புகை மட்டும் வேண்டும். அபுல் காசிம் மூன்று நாள் என்கிறார். சூடு 600 டிகிரி அளவில் நிற்கும்போது கிளேஸ் உருகாது, இளகும். வெள்ளி, செம்பு அயனிகள் அதன் மேல் அடுக்குக்குள் புகும். புகை ஆக்ஸிஜனைப் பறிக்கும். உலோகம் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகக் கண்ணாடிக்குள்ளேயே படியும்.

ஆறியபின் எடுத்தால் மேலே கருகிய படலம்தான் தெரியும். ஈர மண்ணால் தேய்த்தால் அது உதிர்ந்து, பொன் வெளியே வரும். சூடு கூடினால் படலம் கிளேஸோடு ஒட்டிக்கொண்டு உரியாது. புகை குறைந்தால் மஞ்சள் கறை மட்டும் மிஞ்சும். சூளைக்குள் புகை ஒருபக்கமாகச் சுழன்றால் தட்டின் பாதி மின்னும், பாதி மங்கும். பல அருங்காட்சியகத் தட்டுகளில் இப்படிப் பாதி மங்கியிருப்பதைப் பார்க்கலாம். அது தேய்மானம் இல்லை, சூளையில் நேர்ந்தது. ஆண்டு பொறித்த ஈரானிய லஸ்டர்களில் மிகப் பழையது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள 1179ஆம் ஆண்டுப் புட்டி.

சீன நீலத்துக்குக் கோபால்ட் ஈரானிலிருந்து போனதா?

யுவான் காலத்திலும் (மங்கோலியர் சீனாவை ஆண்ட 13, 14ஆம் நூற்றாண்டு) அடுத்து வந்த மிங் காலத் தொடக்கத்திலும் சிறந்த நீலத்துக்கான கோபால்ட் மேற்கிலிருந்து இறக்குமதியானது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. சீனர்களே அதற்கு ‘முஸ்லிம் நீலம்’ என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். காஷானுக்கு அருகே உள்ள கம்சர் கிராமத்துச் சுரங்கத்தை அபுல் காசிம் குறிப்பிடுகிறார். ஒவ்வொரு சீனத் தட்டின் நீலமும் கம்சர்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உள்ளூர் நீலத்தையும் வெளிநாட்டு நீலத்தையும் பிரிக்க வழி உண்டு. சீனக் கோபால்ட் தாதுவில் மாங்கனீஸ் அதிகம். இறக்குமதியானதில் மாங்கனீஸ் மிகக் குறைவு, இரும்பு அதிகம். எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியைத் தட்டின் மேல் வைத்தால், சுரண்டாமலேயே இந்த விகிதம் கிடைத்துவிடும். கண்ணாலும் ஓரளவு பார்க்கலாம்: 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சாமான்களில் நீலம் தடித்த இடங்களில் கருமையான புள்ளிகள் கிளேஸைத் துளைத்து மேலே வந்திருக்கும். இரும்பு மிகுந்த கோபால்ட் குவிந்த இடங்கள் அவை.

யுவான் காலத்திலேயே நீல-வெள்ளை எவ்வளவு முதிர்ந்துவிட்டது என்பதற்கு அளவுகோல், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள டேவிட் ஜாடிகள். சீனாவின் பீங்கான் நகரான ஜிங்தெஜென்னில் செய்து, கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தவை. 1351ஆம் ஆண்டு அதிலேயே எழுதியிருக்கிறது.

அப்படியானால் சித்திரங்கள் யாரிடமிருந்து யாருக்குப் போயின?

இரண்டு பக்கமும். இதை ஒருவழிப் பாதையாக எழுதும் எந்த விளக்கத்தையும் நம்பாதீர்கள்.

மங்கோலியர் ஆண்டபோது சீனச் சின்னங்கள் ஈரானுக்குள் வந்தன. 1270களில் அபாகா கான் தக்த்-இ சுலைமானில் கட்டிய அரண்மனையின் ஓடுகளில் சீன நாகமும் சீனப் பறவையும் இருக்கின்றன. அவை பெரும்பாலும் பட்டுத்துணி வழியாக வந்தவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஈரானியக் கலைஞர்கள் அந்தப் பறவையைத் தங்கள் புராணப் பறவையான சீமுர்காக எடுத்துக்கொண்டார்கள். தாமரைக் கொடியும் மேகச் சுருளும் ஓவியத்தில், கம்பளத்தில், ஓட்டில் எல்லாம் பரவின.

எதிர்த்திசையைப் பாருங்கள். யுவான் காலப் பெரிய தட்டுகள் 40 சென்டிமீட்டருக்கு மேல் அகலம். சீன வீட்டுச் சாப்பாட்டுக்கு அவ்வளவு பெரிய தட்டு தேவையில்லை. பலர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்ணும் மேற்காசியப் பந்திக்காகச் செய்தவை அவை. சித்திரத்தை வட்ட வட்ட அடுக்காகப் பிரிப்பதும், இடைவெளி விடாமல் நிரப்புவதும் மேற்காசியப் பித்தளை வேலைப்பாட்டின் பழக்கம். 15ஆம் நூற்றாண்டில் ஜிங்தெஜென்னில் செய்த கூசா, தட்டையான குடுவை, கூஜாத் தாங்கி ஆகியவற்றின் மூலம் மேற்காசிய உலோகப் பாத்திரங்கள். தகட்டை மடக்கிய கூர் விளிம்பு பீங்கானில் அப்படியே வந்திருக்கும், களிமண்ணுக்கு அது இயல்பே இல்லை. 1505 முதல் 1521 வரை ஆண்ட ஜெங்தெ பேரரசர் காலத்தில் அரபு, பாரசீக எழுத்துகளோடு எழுதுமேசைச் சாமான்கள் சீனாவிலேயே செய்யப்பட்டன.

கெண்டி நமக்கும் தெரிந்த வடிவம். சீனக் கெண்டிகள் ஈரானுக்கு வந்ததும் அவற்றை ஹூக்காவின் தண்ணீர்க் குடமாகப் பயன்படுத்தினார்கள். பிறகு சஃபாவியக் குயவர்களும் அதே வடிவத்தில் ஹூக்காக் குடங்கள் செய்தார்கள்.

அர்தபீல் தொகுப்பு என்பது என்ன?

சஃபாவிய அரசர் முதலாம் ஷா அப்பாஸ், தன் முன்னோர் ஷேக் சஃபியின் அர்தபீல் சமாதிக்கு 1611இல் நேர்ந்தளித்த சீனப் பீங்கான் தொகுப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. பாண்டங்களின் வடிவத்துக்கேற்ற மாடங்களோடு சீனிகானா என்ற மண்டபமே அங்கே அமைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஷாவின் நேர்த்தியைச் சொல்லும் சிறு செவ்வக முத்திரை, கிளேஸைக் கீறிப் பொறித்தது. 1956இல் ஜான் அலெக்சாண்டர் போப் இந்தத் தொகுப்பை விரிவாகப் பட்டியலிட்டார். எந்த வகைச் சீனச் சாமான் எந்தக் காலத்துக்குள் ஈரானை எட்டிவிட்டது என்று கணக்கிட 1611 ஒரு உறுதியான எல்லையாகக் கிடைத்தது. இன்று பெரும்பகுதி டெஹ்ரானில் ஈரான் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டச்சுக் கம்பெனி ஈரானியச் சாமான்களைச் சீனச் சாமான் என்று விற்றதாமே?

1644இல் மிங் ஆட்சி விழுந்தது. அதன்பின் நடந்த போர்களில் தென்சீனத் துறைமுகங்கள் அடைபட்டன, 1670களில் ஜிங்தெஜென்னே சேதமடைந்தது. 1680களில் கடல் வணிகம் திறக்கும்வரை வாங்குவோர் இருந்தார்கள், சரக்கு இல்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஜப்பானின் அரிதாவிடமும், ஈரானின் கெர்மானிடமும் போனது. கம்பெனிக்கு 1623 முதலே பந்தர் அப்பாஸில் கிடங்கு இருந்தது, கெர்மானில் ஆட்டு ரோமமும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதே வழியில் மட்பாண்டமும் இறங்கியது. டச்சுக்காரர்கள் இதைச் சீனச் சரக்கோடு கலந்து ஹாலந்தில் விற்பதாகச் சொல்லப்படுகிறது என்று, அக்காலத்தில் ஈரானில் இருந்த பிரெஞ்சு வணிகர் ஷார்தன் எழுதிவைத்திருக்கிறார்.

ஹாலந்தின் டெல்ஃப்ட் குயவர்களும் அதே பற்றாக்குறையில்தான் வளர்ந்தார்கள். அவர்கள் வரைந்தது சீனச் சித்திரம். பூசியது வெள்ளீய வெள்ளை. அந்தப் பூச்சு பாஸ்ராவில் தொடங்கி, ஸ்பெயின், இத்தாலி, ஆண்ட்வெர்ப் வழியாக அவர்களிடம் வந்தது.

அடியில் சீன எழுத்து மாதிரி இருக்கிறது. சீனத் தட்டுதானே?

அவசரப்படாதீர்கள். கெர்மான், மஷ்ஹத் குயவர்கள் சீன முத்திரையைப் பார்த்து வாசிக்க முடியாத கோடுகளாக, குஞ்சம் தொங்குவது போன்ற குறிகளாக, எழுதினார்கள். சீனம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாவிட்டால் அது பாவனை முத்திரை.

தமிழ்க் கரைக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு. மன்னார் அருகே மாந்தையில் 1980களில் நடந்த அகழாய்வில் மேற்காசிய மயில்நீல ஜாடித் துண்டுகளும் சீனத் துண்டுகளும் ஒரே இடத்தில் கிடைத்தன. இரண்டு கடல்களின் சரக்கும் கைமாறிய துறை அது. அதே மயில்நீல ஜாடி வகை சீனாவின் ஃபூஜோவில், 930இல் இறந்த லியூ ஹுவா என்ற அரசியின் கல்லறையிலும் மூன்று கிடைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் உயரம். வளைகுடாவிலிருந்து அவ்வளவு தூரம் போன ஜாடிகள் இடையில் தென்னிந்திய, இலங்கைத் துறைகளில் தங்காமல் போயிருக்க முடியாது.

பாண்டியர் காலத்துக் காயலுக்கு ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளோடு கப்பல்கள் வந்ததை மார்க்கோ போலோ சொல்கிறார். ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்திலும் காயலிலும் சீனப் பச்சைப் பீங்கான், நீல-வெள்ளைத் துண்டுகள் கிடைத்துள்ளன. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

ஒரு துண்டு கைக்கு வந்தால் எப்படி அடையாளம் காண்பது?

சித்திரத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் உடைந்த விளிம்பைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்க வேண்டும். பீங்கானின் முறிவு பளபளப்பாக, துகளே தெரியாமல், கண்ணாடி முறிந்தது போல இருக்கும். கல்மாவு வெள்ளையாக, பொரபொரப்பாக, ரவை உருண்டையை உடைத்தாற்போல இருக்கும். நகத்தால் உரசினால் மணல் உதிரும். வெள்ளீயப் பூச்சுச் சாமானில் பழுப்பு அல்லது இளஞ்சிவப்பு மண்ணும், அதன் மேல் தனி அடுக்காக வெள்ளையும் தெரியும்.

பிறகு கிளேஸின் ஓரம். பீங்கானில் உடலும் கிளேஸும் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்திருக்கும், எல்லை தெரியாது. கல்மாவில் எல்லை தெரியும். அடுத்து அடிவளையம்: 16, 17ஆம் நூற்றாண்டுச் சீன ஏற்றுமதித் தட்டின் வளையத்தில் சூளை மணல் ஒட்டியிருக்கும். பல பாரசீகக் கிண்ணங்களின் உட்புறத்தில், அடுக்கும்போது இடையில் வைத்த முக்காலித் தாங்கியின் மூன்று தழும்புகள் இருக்கும். கைவிளக்கைப் பின்னால் பிடித்தால் மெல்லிய பீங்கான் ஒளிரும், கல்மாவு பெரும்பாலும் ஒளிராது. கொம்ப்ரூன் என்ற பெயரில் வணிகர்கள் விற்ற மெல்லிய வெள்ளைச் சாமான்கள் விதிவிலக்கு. துளையிட்டு, துளையைக் கிளேஸால் அடைத்ததால் அந்த இடங்களில் ஒளி வரும்.

தட்டி ஓசை கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒட்டிய பாண்டம் தட்டும்போதே பிரிந்துவிடும்.

போலிகள் அதிகமா?

முழுப் போலியைவிட ஒட்டுவேலைதான் அதிகம். 20ஆம் நூற்றாண்டில் காஷான், டெஹ்ரானுக்கு அருகே உள்ள ரேய் ஆகிய ஊர்களின் சாமான்களுக்குச் சந்தையில் நல்ல விலை கிடைத்தது. தோண்டிக் கிடைத்தவையோ துண்டுகள். இரண்டு மூன்று கிண்ணங்களின் துண்டுகளை அரைத்துப் பொருத்தி ஒரு கிண்ணமாக்கி, இடைவெளியைச் சாந்தால் அடைத்து, மேலே புதிதாக வரைந்தார்கள். மீனாயி எனப்படும் பல வண்ணச் சாமான்களில் இது மிக அதிகம். அவற்றின் வண்ணம் கிளேஸின் மேல் குறைந்த சூட்டில் படிந்தது என்பதால் தானாகவே உதிரும், ‘திருத்த’ ஆசை வரும். புறஊதா விளக்கில் பார்த்தால் புதிய பிசினும் வண்ணமும் தனியாக ஒளிரும். எக்ஸ்ரேயில் துண்டுகளின் எல்லை தெரியும். வெப்ப ஒளிர்வுச் சோதனை கடைசியாகச் சுட்ட காலத்தைச் சொல்லும், ஆனால் மாதிரி எடுத்த அந்தத் துண்டுக்கு மட்டும். பழைய அடியும் புதிய சுவரும் கொண்ட கிண்ணத்தில் அடியிலிருந்து மாதிரி எடுத்தால் சோதனை ‘உண்மை’ என்றே சொல்லும். எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

மண்ணில் புதைந்து கிடந்த கிளேஸின் வானவில் மினுமினுப்பு லஸ்டர் அல்ல. ஈரத்தில் கிளேஸ் அரித்து அடுக்கடுக்காகப் பிரிந்ததன் விளைவு. இதைக் காட்டி லஸ்டர் என்று விலை சொல்வோர் உண்டு.

வாங்கலாமா? கடற்கரையில் கிடைத்த ஓட்டுத் துண்டை வைத்துக்கொள்ளலாமா?

ஈரானில் தொல்பொருளுக்கு 1930லேயே பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கையையும் அந்நாடு 1975இல் ஏற்றது. ஆகவே எப்போது நாட்டைவிட்டு வெளியேறியது என்ற ஆவணம் இல்லாத பாண்டத்தை வாங்காதீர்கள். ஆவணம் இல்லாததற்குப் பொதுவான காரணம் திருட்டுத் தோண்டல். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு உரிமை இல்லை, விற்க உரிமம் வேண்டும். கரையில் ஓட்டுத் துண்டைக் கண்டால் எடுக்க வேண்டாம். அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இடம் தெரியாத துண்டால் வணிகப் பாதையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

வீட்டில் பழைய கல்மாவுத் தட்டு இருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது?

தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். உடல் துளைகள் நிறைந்தது, நீர் உள்ளே போகும், பழைய ஒட்டு இளகும். மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். மேற்பரப்பில் வெள்ளையாக உப்பு பூத்தால், அது கிளேஸை உள்ளிருந்து தள்ளுகிறது என்று பொருள். அயனி நீக்கிய நீரில் உப்பை இழுத்தெடுக்கும் வேலையைப் பாதுகாப்பு வல்லுநரிடம் விடுங்கள். ஸ்பிரிங் கம்பியில் மாட்டித் தொங்கவிட வேண்டாம், விளிம்பில் விடாமல் விசை விழும். இரண்டு கைகளால் அடியைப் பிடித்துத் தூக்குங்கள், பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். பிடிகள் தனியாகச் செய்து ஒட்டியவை. பழைய கிளேஸ்களில் காரீயம் இருக்கக்கூடும், அதில் உணவு பரிமாறக் கூடாது. புளிப்பான உணவு காரீயத்தை இன்னும் வேகமாக இழுக்கும்.